ஐயாயிரம் டாலர் உடுப்பு: குயின்ஸ் ஈக்வடார்க்காரர்களும் அவங்க மாதாவும்

மலர்_குயின்ஸ்:
"வெளிநாட்டு வாழ்க்கை" இழையில பொருளாதாரப்_பாண்டி போட்ட பதிவை அப்படியே இங்க ஒட்டறேன். நாளைக்கு அழிச்சிட்டு "நான் அப்படிச் சொல்லவே இல்ல"ன்னு வருவார்.

"ஞாயிற்றுக்கிழமை குயின்ஸ்ல ஈக்வடார் ஆளுங்க ஊர்வலம் பார்த்தேன். சின்னதா ஒரு சிலை. அதுக்கு ஐயாயிரம் டாலர் உடுப்பு. தூக்கிட்டுப் போறவன் பேஸ்மென்ட்டுல எட்டுப் பேரோட படுக்கிறவன். இந்த மெஸ்டிசோ கூட்டம் ஏன் முன்னேறலைன்னு யாரும் ஆராய்ச்சி பண்ண வேண்டாம்."

மெஸ்டிசோன்னா ஸ்பானியரும் பழங்குடியும் கலந்த வம்சம். அந்தப் பதிவுக்குக் கீழே வரிசையா கைதட்டல் வேற. படிச்சதுலேர்ந்து எனக்கு ஆறவே இல்ல. அதான் தனி இழை.

நான் இருக்கிறது நியூயார்க் குயின்ஸ்ல கொரோனாங்கிற பேட்டையில. ரூஸ்வெல்ட் அவென்யூ, மேல 7ஆம் நம்பர் ரயில் கடகடன்னு ஓடும், கீழே ரெண்டு பக்கமும் ஈக்வடார் கடைங்க. வேலை நர்ஸ். அக்கம்பக்கம், நோயாளிங்க, கூட வேலை செய்யறவங்க எல்லாரும் அந்த ஊர்க்காரங்க. பாண்டி பார்த்தது எல் சிஸ்னே மாதா ஊர்வலம். ஈக்வடாருக்குத் தெற்கே லோஹா மாகாணத்துல எல் சிஸ்னேன்னு ஒரு சின்ன மலையூர். 1594ல தியேகோ தே ரோப்லெஸ்ங்கிற சிற்பி செதுக்கின சிலை அங்க இருக்கு. வருஷா வருஷம் ஆகஸ்ட் 17 அன்னிக்குக் கிளம்பி, எழுபது கிலோமீட்டருக்கு மேல தோள்ல சுமந்து, 20ஆம் தேதி லோஹா நகரத்துக்குக் கொண்டு வர்றாங்க. லோஹாவுல மாதாவை ஒட்டி நடக்கற செப்டம்பர் 8 சந்தைக்கு 1829ல சிமோன் பொலிவாரே ஆணை போட்டிருக்கார்.

இங்க குடியேற்றக் காகிதம் இல்லாம இருக்கிறவன் அந்த நடைக்குப் போனா திரும்பி வர முடியாது. அம்மா செத்தாலே போக முடியல. அதனாலதான் மாதாவை இங்க வரவழைச்சு இந்தத் தெருவுல நடக்கறாங்க. இது ஒரு ஆளுக்கு "சின்ன சிலை, பெரிய செலவு"ன்னு தெரியுதுன்னா என்ன சொல்ல?

ஒரே கேள்வி. ஐயாயிரம் டாலர்னு யார் சொன்னது? பில் எங்க?

பொருளாதாரப்_பாண்டி:
நான் எதையும் அழிக்கிற ஆள் இல்ல. சொன்னது சொன்னதுதான்.

மேடம் வரலாறு, புவியியல் எல்லாம் பாடம் எடுத்திருக்காங்க. நன்றி. நான் கேட்டது கணக்கு. தங்க ஜரிகை, கல்லு வெச்ச கிரீடம், பின்னாடி ரெண்டு பேர் தூக்கிட்டு வர்ற அளவுக்கு நீளமான மேலங்கி. கூட வந்த நண்பர் அந்தத் தொழில்லயே இருக்கிறவர், ஐயாயிரத்துக்குக் குறையாதுன்னார். ஐயாயிரம் டாலர் அந்த ஆளுங்களுக்கு எத்தனை மாசக் கூலின்னு யோசிச்சுப் பாருங்க. அவ்வளவுதான் என் வாதம்.

மலர்_குயின்ஸ்:
நண்பர் சொன்னாராம். நண்பரோட நண்பர் சொன்னா பத்தாயிரம் ஆகும்.

அந்த உடுப்பு எப்படி வந்துச்சுன்னு நான் சொல்றேன், கேட்டுக்கோங்க. மன்ஹாட்டன் துணிக்கடையில வெட்டுத் துண்டா வாங்கின சாட்டின். நான் குடியிருக்கிற கட்டிடத்துலயே ஒரு அம்மா, அசுவாய் மாகாணத்துக்காரங்க. பகல்ல ஆபீஸ் கட்டிடம் துடைக்கிற வேலை. ராத்திரி சமையல் மேசையைத் துடைச்சுட்டு, மேல பழைய போர்வை விரிச்சு, ஜிகினாவை ஒவ்வொண்ணா ஊசியில கோத்துத் தைப்பாங்க. கண்ணு தெரியலன்னு பக்கத்துல பேத்தி, ஊசியில நூல் கோத்துக் கொடுக்க. ஓரத்துல மஞ்சள், நீலம், சிவப்புன்னு அவங்க கொடி நிறத்துல பட்டி. உடுத்தறப்ப ஆம்பளைங்களை வெளிய அனுப்பிட்டு, திரை கட்டி, பொம்பளைங்க மட்டும் நின்னு உடுத்துவாங்க. அந்தச் சுருட்டை முடியைக் கடைசியா சீவி விடறப்ப யாரும் பேசக்கூட மாட்டாங்க.

இதுல உங்க நண்பர் எந்தத் தொழில் பண்றார்?

செலவு மொத்தமும் ஒருத்தர் தலையில விழறதும் இல்ல. வருஷத்துக்கு ஒருத்தர் உபயம் ஏத்துக்குவாங்க, பிரியோஸ்தேன்னு சொல்வாங்க. ஒருத்தர் பேண்டு வாத்தியத்துக்கு, ஒருத்தர் பன்றிக்கறிக்கு, ஒருத்தர் பூவுக்குன்னு அவருக்குக் கொடுப்பாங்க. இதுக்கு ஹோச்சான்னு பேரு. அடுத்த முறை நீங்க உபயம் எடுக்கறப்ப அவர் உங்களுக்குத் திருப்பிச் செய்யணும். நம்ம ஊர் மொய் நோட்டேதான். வங்கியில கணக்கே திறக்க முடியாதவனுக்கு இதுதான் கடன் வசதி, இதுதான் இன்சூரன்ஸ். பொருளாதாரம்னு பேர்ல வெச்சுக்கிட்டு இதைக்கூடப் பார்க்கலயா?

செங்கதிர்:
இரண்டு பேருமே மையமான விஷயத்தைத் தொடவில்லை. இந்த மக்கள் ஏன் ஊரை விட்டார்கள்? 1999 மார்ச்சில் அதிபர் ஹமில் மாஹுவாத் வங்கிகளை மூடி, மக்களின் சேமிப்பை முடக்கினார். வாத்தியார், நர்ஸ், சின்னக் கடைக்காரர் என்று நடுத்தர மெஸ்டிசோ குடும்பங்கள் ஒரே வாரத்தில் கைப்பணம் இழந்தன. 2000 ஜனவரியில் 25,000 சூக்ரேக்கு ஒரு டாலர் என்று சொந்த நாணயத்தையே கைவிட்டார்கள். அதே மாதம் மாஹுவாத்தும் பதவியிலிருந்து விரட்டப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானவர்கள் ஸ்பெயின், இத்தாலி, அமெரிக்கா என்று போனார்கள். பணத்தை விழுங்கியது வங்கி. பாண்டி கணக்குக் கேட்பதோ மாதாவிடம்!

பொருளாதாரப்_பாண்டி:
செங்கதிர் வந்தாச்சு. இனி எல்லாத்துக்கும் வங்கிதான் காரணம். டாலருக்கு மாறின பிறகுதான் அந்த நாட்டுல விலைவாசி அடங்கிச்சு. பின்னாடி வந்த இடதுசாரி அதிபர் ரஃபாயேல் கொர்ரேயா பத்து வருஷம் ஆண்டார், டாலரை எடுத்தாரா? ஏன் எடுக்கல? பதில் சொல்லிட்டு வாங்க.

ஐயாயிரம் டாலருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

செங்கதிர்:
எடுக்க முடியாத கண்ணியில் மாட்டிவிட்டு "ஏன் எடுக்கலை" என்று கேட்பது உங்கள் பொருளாதாரம். சேமிப்பு முடக்கப்பட்டவர்களுக்குப் பணம் திரும்ப வந்தபோது அதன் மதிப்பு கரைந்திருந்தது. அதைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள் பார்ப்போம். போன வருடம் பணமதிப்பு நீக்க விவாதத்திலும் இதே மாதிரிதான் நழுவினீர்கள்.

பொருளாதாரப்_பாண்டி:
நழுவினது யாருன்னு அந்த இழையைப் படிச்சவங்களுக்குத் தெரியும். தலைப்புக்கு வாங்க.

மாட்ரிட்_கண்ணன்:
நான் மாட்ரிட்டிலிருந்து எழுதுகிறேன். "முன்னேறாத கூட்டம்" என்ற சொல்லை நானும் ஏற்கவில்லை. 2001 ஜனவரி 3 அன்று முர்சியா பகுதியில் லோர்கா என்ற ஊருக்குப் பக்கத்தில், ப்ரோக்கோலி அறுக்கத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த வேனில் ரயில் மோதி 12 ஈக்வடார் தொழிலாளர்கள் செத்தார்கள். யாருக்கும் ஒழுங்கான ஒப்பந்தம் கிடையாது. அதற்குப் பிறகு லோர்காவிலிருந்து முர்சியா வரை கால்நடையாகப் போய்ப் போராடினார்கள், தேவாலயங்களுக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தார்கள். காகிதம் வாங்கியது அந்தப் போராட்டத்தால். 2005 வாக்கில் ஸ்பெயினில் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் இருந்தார்கள். வீடு வாங்கினார்கள். ஒருவர் கடனுக்கு இன்னொருவர் ஜாமீன், அவர் கடனுக்கு இவர் ஜாமீன். 2008இல் கட்டட வேலை படுத்தவுடன் அத்தனை பேரும் சேர்ந்தே விழுந்தார்கள். இந்த நாட்டுச் சட்டத்தில் வீட்டை வங்கியிடம் ஒப்படைத்தாலும் கடன் தீராது, மீதியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவர்களுக்கு இரண்டு வருடம் சட்டப்படி வசித்தாலே ஸ்பெயின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நமக்குப் பத்து வருடம். அதே வேலை, அதே வரி. இதைப் பற்றி இங்கே யாரும் வாய் திறப்பதில்லை.

மலர்_குயின்ஸ்:
கண்ணன் அண்ணா, உங்க குடியுரிமைக் குறைக்குத் தனி இழை போடுங்க, நானும் வந்து ஆதரிக்கறேன். ஆனா அந்த ஜாமீன் விஷயம் சொன்னீங்க பாருங்க, பாண்டி சார் அதைத்தான் படிக்கணும். சேமிக்கத் தெரியாதவன் வீடு வாங்குவானா?

பொருளாதாரப்_பாண்டி:
வாங்கின வீட்டை இழந்தான்னு அவரே சொல்றார். நீங்களே என் வாதத்துக்கு ஆதாரம் கொடுக்கறீங்க.

மலர்_குயின்ஸ்:
இழந்தது வங்கிச் சட்டத்தால. உடுப்பால இல்ல.

யாழ்_ஜெனோவா:
நான் இத்தாலியிலை ஜெனோவாவிலை இருக்கிறன். இஞ்ச வெளிநாட்டுச் சனத்துக்கை கனகாலமா ஈக்வடோர் ஆக்கள்தான் பெரிய தொகை. முதல் வந்தது பொம்பிளையள். வயசுபோன இத்தாலியச் சனத்தைப் பராமரிக்கிற வேலை. இரவும் பகலும் அந்த வீட்டுக்குள்ளதான் படுக்கை. வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிறும்தான் வெளியிலை வரலாம். ஊரிலை விட்டிட்டு வந்த பிள்ளையளை அம்மம்மா வளர்க்கும், பிள்ளை வளந்தாப் பிறகு தாயை அடையாளம் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவையள் எங்க போவினம் எண்டு நினைக்கிறியள்? பூசைக்கு. பூசை முடிய அந்த வாசலிலைதான் ஊர்க்கதை, வேலை விசாரிப்பு, காசனுப்பிற கதை எல்லாம். நாங்களும் அப்பிடித்தான். பலெர்மோவிலை எங்கட ஆக்கள் சைவக்காரரும் சேர்ந்து சாந்தா ரொசாலியா எண்ட கத்தோலிக்கப் புனிதையின்ர மலைக்கு ஏறினம். பாண்டி அண்ணைக்கு அதுவும் வீண்செலவோ?

பொருளாதாரப்_பாண்டி:
மலை ஏறக் காசு இல்ல. உடுப்புக்கு ஐயாயிரம். வித்தியாசம் புரியுதா?

ஜெபவீரன்:
சகோதரர் பாண்டி சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. விக்கிரகத்துக்கு உடுப்பு எதற்கு? ஈக்வடார் மக்களே இதை உணர்ந்து வருகிறார்கள். 2012இல் அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனம் ஐந்து நகரங்களில் எடுத்த கணக்கில், மதம் உண்டு என்று சொன்னவர்களில் 80.4 சதவீதம் கத்தோலிக்கர், 11.3 சதவீதம் சுவிசேஷ சபையார். 1874இல் தேசத்தையே இயேசுவின் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்த நாடு அது. வேற்று சபைக்கு அப்போது இடமே இல்லை. 1895இல் தாராளவாதத் தலைவர் எலோய் அல்ஃபாரோவின் புரட்சிக்குப் பிறகே கதவு திறந்தது. 1931 கிறிஸ்துமஸ் அன்று தலைநகர் கீட்டோவில் எச்.சி.ஜே.பி. என்ற சுவிசேஷ வானொலி தொடங்கியது. குயின்ஸில் இன்று கடை வாடகைக்கு எடுத்து நடக்கும் ஸ்பானிய ஜெப வீடுகளில் போய்ப் பாருங்கள். குடியை விட்டவர்கள், சூதை விட்டவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள்.

அந்தோணி_தூத்துக்குடி:
வந்துட்டாருய்யா. எந்த இழையா இருந்தாலும் கடைசியில விக்கிரகத்துல வந்து நிப்பாரு. ஏன் ஜெபவீரன், பத்துல ஒரு பங்கு காணிக்கை எங்க போவுதுன்னு பாண்டி ஐயா கேக்க மாட்டாரோ? மாதாவுக்கு வருஷத்துக்கு ஒரு உடுப்பு. உங்க ஆளுகளுக்கு மாசா மாசம் தசமபாகம். கணக்குப் போட்டா எது கூட வரும்?

ஜெபவீரன்:
காணிக்கை மனமுவந்து கொடுப்பது.

அந்தோணி_தூத்துக்குடி:
உடுப்பு மட்டும் துப்பாக்கி காட்டியா வாங்குதாக?

சிற்றலை_சுந்தரம்:
எச்.சி.ஜே.பி. பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். "ஆண்டீசின் குரல்" என்று சொல்வார்கள். சிற்றலையில் இரவு விழித்துக் கேட்ட காலம் உண்டு. கடிதம் எழுதினால் மலைப் படம் போட்ட அட்டை வரும். கீட்டோவுக்கு வெளியே பீஃபோவில் அலைபரப்பி நிலையம், 2009இல் மூடிவிட்டார்கள். புதிய விமான நிலையம் வந்ததால் கோபுரங்களை இறக்க வேண்டியதாகிவிட்டது. இங்கே வேறு யாராவது கேட்டிருக்கிறீர்களா?

மலர்_குயின்ஸ்:
சுந்தரம் ஐயா, தயவுசெஞ்சு. இங்க ஒரு மக்களையே கேவலப்படுத்தி எழுதியிருக்கார், அதைப் பேசிட்டிருக்கோம்.

ஜெபவீரன் அண்ணனுக்கும் சேர்த்தே சொல்றேன். என் கூட வேலை செய்யற பொண்ணு சுவிசேஷ சபைக்குப் போறவ. அவ அம்மா எல் சிஸ்னே மாதாவுக்கு ஜிகினா தைக்கிறவங்க. நவம்பர் 2 அன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே அடுப்புல கொலாதா மொராதா காய்ச்சறாங்க, கறுப்புச் சோள மாவுல பழமெல்லாம் போட்டு, கருநீலமா, கெட்டியா. குழந்தை உருவத்துல ரொட்டி சுட்டு, செத்தவங்க பேரைச் சொல்லிச் சாப்பிடறாங்க. அவங்களுக்குள்ள இல்லாத சண்டையை நீங்க ஏன் இழுத்துட்டு வர்றீங்க?

இப்ப பாண்டி சாருக்கு. 2020 மார்ச், ஏப்ரல். நியூயார்க் நகரத்துலயே மோசமா அடி வாங்கின பகுதி எங்க பேட்டை. பேஸ்மென்ட்டுல எட்டுப் பேர்னு சொன்னீங்களே, அந்த எட்டுப் பேர்ல ஒருத்தனுக்கு வந்தா எட்டுப் பேருக்கும் வந்துச்சு. வீட்டுலேர்ந்து வேலை பார்க்கறதுக்கு அவங்க என்ன கம்ப்யூட்டர் வேலையா? சமையல்கட்டு, கட்டடம், டெலிவரி. அதே வாரத்துல அங்க ஈக்வடார்ல, குவாயாகில் நகரத்துல சவத்தை எடுக்க ஆள் இல்லாம வீட்டுக்குள்ளயே நாள் கணக்கா வெச்சிருந்தாங்க. என் வார்டுல மூச்சுத் திணறிக்கிட்டு இருந்த ஒருத்தர், ஃபோன்ல அவரோட அண்ணன் குவாயாகில்ல செத்த சேதியைக் கேட்டார். அழக்கூட மூச்சு இல்ல. தலையணைக்கு அடியில மாதா படம் ஒண்ணு, ஓரமெல்லாம் மடிஞ்சு நைஞ்சு போனது. படுக்கை மாத்தறப்பெல்லாம் அதைக் கையில கொடுத்துட்டுத்தான் மாத்துவோம். அவங்க வழக்கப்படி ஒருத்தர் போனா ஒன்பது ராத்திரி வீட்டுல கூடி ஜெபம் சொல்லணும். கூட முடியல. ஃபோனைச் சுவத்துல சாச்சு வெச்சு, இந்தக் கொரோனா பேட்டையிலேர்ந்து பாதிப் பேர், குவாயாகில்லேர்ந்து பாதிப் பேர், ஒன்பது ராத்திரியும் சொன்னாங்க. அடக்கத்துக்குப் பணம் திரட்டினது யாரு? அரசாங்கமா? நீங்க வீண்னு சொல்ற அதே மாதா சபைக் குழு. உடுப்புக்கு வசூல் பண்ற அதே நோட்டு.

இதுக்கு விலை போடுங்க.

பொருளாதாரப்_பாண்டி:
யாரோட துக்கத்தையும் நான் சின்னதாப் பேசல. கோவிட்டை இழுத்தா எந்த வாதத்துலயும் ஜெயிக்கலாம். அந்தக் குழு அடக்கத்துக்கு வசூல் பண்ணினா நல்ல விஷயம். அதே குழு உடுப்புக்கு வசூல் பண்ணாம பிள்ளைங்க கல்லூரிக்கு வசூல் பண்ணியிருந்தா?

2024ல வெளிநாட்டுலேர்ந்து ஈக்வடாருக்குப் போன பணம் 650 கோடி டாலருக்கு மேல. பெரும்பங்கு அமெரிக்காவுலேர்ந்து. அதுல என்ன கட்டறாங்க? அசுவாய், கன்யார் பக்கம் போனா மூணு மாடி வீடு, கண்ணாடி ஜன்னல், உள்ள ஆள் கிடையாது. ஒரு பாட்டி மட்டும். அங்க காலி வீடு, இங்க பேஸ்மென்ட், நடுவுல ஐயாயிரம் டாலர் உடுப்பு. இதைச் சொன்னா நான் வில்லன்.

செங்கதிர்:
அந்தப் பணத்தில் எவ்வளவு கடன்காரனுக்குப் போகிறது என்று தெரியுமா? திருட்டுத்தனமாக எல்லை தாண்டி அழைத்துப்போகிற "கொயோட்டே" என்ற தரகனுக்கு 15,000, 20,000 டாலர். அதைக் கந்துவட்டிக்காரனிடம் நிலத்தை எழுதி வைத்து வாங்குகிறார்கள். மெக்சிகோ 2018இல் ஈக்வடார்க்காரர்களுக்கு விசாவை நீக்கியது, ஆயிரக்கணக்கானோர் அந்த வழியாக வந்தார்கள். 2021 செப்டம்பரில் மறுபடி விசா போட்டார்கள், மக்கள் கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் நடுவே உள்ள டாரியன் காட்டுக்குள் இறங்கினார்கள். வழியில் செத்தாலும் கடன் சாகாது.

அசுவாய், கன்யார் பற்றிச் சொன்னீர்கள். பனாமா தொப்பி என்று உலகம் சொல்வது அங்கே பின்னியது. அறுபது, எழுபது வருடத்துக்கு முன்னால் அந்தத் தொழில் படுத்தபோதுதான் நியூயார்க்குக்கு முதல் ஆட்கள் கிளம்பினார்கள். தொப்பி வாங்கின வியாபாரிகள் போட்ட பாதையிலேயே வந்தார்கள்.

மலரிடமும் ஒரு கேள்வி. அந்த ஊர்வலங்களில் முன்னால் ஆடுகிறவர்கள் என்ன உடுத்துகிறார்கள்? கிச்சுவா பழங்குடி மக்களின் "தியாப்லோ உமா" என்ற பிசாசு முகமூடி, கன்யாரி பழங்குடிகளின் தொப்பி, எம்ப்ராய்டரி பாவாடை. ஆடுகிறவர்கள் மெஸ்டிசோக்கள். ஊரில் இதே ஆட்கள் பழங்குடிகளை "இந்தியோ", "லோங்கோ" என்று திட்டுவார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். குயின்ஸுக்கு வந்ததும் அவர்கள் உடுப்பு இனிக்கிறது. 2022 கணக்கெடுப்பில் 77.5 சதவீதம் மெஸ்டிசோ, 7.7 சதவீதம் பழங்குடி. யார் அடையாளத்தை யார் மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள்? பேச வேண்டிய உடுப்பு அது.

மலர்_குயின்ஸ்:
செங்கதிர் தோழர், உங்க கேள்வி பெரிய கேள்வி, ஆனா பாண்டிக்குக் கை கொடுக்கற நேரமா இது? இங்க வெள்ளைக்காரன் மெஸ்டிசோ, பழங்குடின்னு பார்த்து அடிக்கறதில்ல. 2008 நவம்பர் 8, லாங் ஐலண்டு பாட்சோக்ல மார்செலோ லுசேரோவைக் குத்திக் கொன்னாங்க. அசுவாய்ல குவாலசேயோ ஊர்க்காரர், பதினஞ்சு வருஷமா இங்க உழைச்சவர். பள்ளிக்கூடப் பசங்க கூட்டமா "வேட்டைக்கு"க் கிளம்பி வந்தாங்க. அதுக்கு முன்னாடி அடி வாங்கினவங்க போலீசுக்குப் போகல, போனா நாடு கடத்திருவாங்கன்னு பயம். அடி வாங்கினதைத் தைரியமா வாயைத் திறந்து சொன்ன இடம் தேவாலயம்தான். அந்தத் தெருவுல அவங்க என்ன முகமூடி போட்டு ஆடினா உங்களுக்கு என்ன?

செங்கதிர்:
பதில் சொல்லாமல் லுசேரோவை இழுத்தீர்கள். துக்கத்தை இழுத்து வாதத்தில் ஜெயிக்கப் பார்க்கிறீர்கள் என்று பாண்டி சொன்னது சரிதான்.

மலர்_குயின்ஸ்:
ஓ, இப்ப பாண்டி சரியா? நல்ல கூட்டணி. வங்கி முதலாளியும் தோழரும்.

பொருளாதாரப்_பாண்டி:
நான் வங்கி முதலாளி இல்ல, சம்பளக்காரன்.

அந்தோணி_தூத்துக்குடி:
ஒரு சங்கதி கேக்கேன். ஃபிளஷிங்ல பௌன் தெருப் பிள்ளையார் கோயில், 1977லேருந்து இருக்கு. சதுர்த்திக்குத் தேர் இழுத்துத் தெருவைச் சுத்தி வராக. அபிஷேகம், பட்டு, பூ, அதுக்கெல்லாம் ஆகுற செலவு பாண்டி ஐயா கணக்குல வருமா? அங்கயிருந்து மலர் அக்கா பேட்டை ஒரு எட்டுதான். அங்க கும்புட்டுட்டு இங்க வந்து பில் கேப்பீகளோ?

பொருளாதாரப்_பாண்டி:
எங்க கோயிலை இழுக்காதீங்க. அங்க செலவு பண்றவன் சொந்த வீட்டுல இருந்துகிட்டுச் செலவு பண்றான். வசதி இருக்கிறவன் கொடுக்கறது வேற, இல்லாதவன் கொடுக்கறது வேற.

மலர்_குயின்ஸ்:
அடடா. இப்பதான் உள்ள இருந்தது வெளிய வந்துச்சு. வசதி இருக்கிறவன் கொடுத்தா பக்தி, இல்லாதவன் கொடுத்தா முட்டாள்தனம். இதை முதல் பதிவுலயே எழுதியிருந்தா இவ்வளவு பேர் நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஈக்வடார்ல குவெங்கா நகரத்துல டிசம்பர் 24 அன்னிக்கு "பயணக் குழந்தை"ன்னு ஒரு குழந்தை இயேசு சிலையை ஊரே திரண்டு ஊர்வலமா கொண்டு போவாங்க. 1823ல செதுக்கினது. 1961ல ஒரு குருவானவர் அதைப் புனித நாட்டுக்கும் ரோமுக்கும் எடுத்துட்டுப் போய் வந்ததால அந்தப் பேரு. அந்த ஊர்க்காரங்க இங்கயும் மாட்ரிட்லயும் முர்சியாவுலயும் குழந்தைங்களுக்கு வேஷம் போட்டு அதே ஊர்வலம் நடத்தறாங்க. சாமியே கடல் தாண்டிப் போய்ட்டு வந்தவர்ங்கிறதுல அவங்களுக்கு அப்படி ஒரு பெருமை. இதெல்லாம் வசதி இருக்கிறவனுக்குத்தான் உரிமைன்னு யார் பட்டா போட்டுக் கொடுத்தது?

மாட்ரிட்_கண்ணன்:
முர்சியாவில் நடப்பது உண்மைதான். இங்கே காசா தே காம்போ பூங்காவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் மூன்று மூன்று பேராகக் கால்பந்தை வைத்து வாலிபால் ஆடுவார்கள், வலை நம்முடையதைவிட உயரம். மறுபடி சொல்கிறேன், இரண்டு வருடம் எதிர் பத்து வருடம்.

யாழ்_ஜெனோவா:
கண்ணன் அண்ணை, இத்தாலியிலை எங்களுக்கும் பத்துத்தான், அவையளுக்கும் பத்துத்தான். இஞ்ச வாங்கோ, சமத்துவம்.

மட்டுறுத்துநர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். குடியுரிமை, வானொலி, பணமதிப்பு நீக்கம் ஆகியவற்றுக்குத் தனி இழைகள் உள்ளன. "முன்னேறாத கூட்டம்" போன்ற இனப் பொதுமைப்படுத்தலையும் தவிர்க்கவும்.

பொருளாதாரப்_பாண்டி:
மட்டுறுத்துநர் எப்பவும் ஒரு பக்கம்தான். மலர் மேடம் என்னைப் பேசினதெல்லாம் தாக்குதலா தெரியல. இருக்கட்டும்.

மலர் மேடம், துணி என்ன விலை? ஒரு எண்ணைச் சொல்லுங்க. நீங்கதானே பில் பில்னு ஆரம்பிச்சீங்க.

மலர்_குயின்ஸ்:
சாட்டின், ஜரிகைப் பட்டி, ஜிகினா எல்லாம் சேர்த்து முன்னூறு டாலருக்குள்ள. தைச்ச அம்மா வாயாலயே கேட்டது. இப்ப என்ன சொல்லப் போறீங்க?

பொருளாதாரப்_பாண்டி:
தையல் கூலி? ராத்திரி ராத்திரி உக்காந்து தைச்சாங்கன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. நியூயார்க் குறைந்தபட்சக் கூலியில பெருக்குங்க. கிரீடம் சேருங்க. பூ, பேண்டு சேருங்க. ஐயாயிரம் என்ன, அதுக்கு மேலயே வரும். என் நண்பர் சரியாத்தான் சொல்லியிருக்கார்.

மலர்_குயின்ஸ்:
பேண்டு வாத்தியம் எப்ப உடுப்பு ஆச்சு? பூ எப்ப உடுப்பு ஆச்சு? நேத்து ஜரிகை, இன்னிக்குக் கூலி, நாளைக்கு அந்தத் தெருவுல ஓடற ரயில் செலவையும் சேர்ப்பீங்க. தாய்க்குச் செய்யறதுக்குக் கூலி கேட்கற கணக்கை நீங்களே வெச்சுக்கோங்க. அந்த அம்மா கேட்கல.

பொருளாதாரப்_பாண்டி:
கேட்கலைங்கிறதுதான் பிரச்சினையே. ஐயாயிரம்.

ஜெபவீரன்:
யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தை அனைவரும் ஒருமுறை வாசிக்கவும்.

அந்தோணி_தூத்துக்குடி:
25ஆம் அதிகாரம் 18ஆம் வசனத்தையும் சேத்து வாசிங்க, பொன்னுல கேரூபீன் செய்யச் சொன்னது யாருன்னு தெரியும்.

மலர்_குயின்ஸ்:
எனக்கு ராத்திரி ட்யூட்டி. காலையில வந்து பார்க்கறேன். பாண்டி சார், அதுக்குள்ள உங்க நண்பர் என்ன தொழில் பண்றார்னு எழுதி வைங்க. இதோட நாலாவது முறை கேட்கறேன்.

பொருளாதாரப்_பாண்டி:
ரெண்டாவது முறை. எண்ணிப் பாருங்க. அவர் திருமண மண்டப அலங்காரம் பண்றவர். துணி விலை உங்களைவிட அவருக்கு நல்லாவே தெரியும்.